பழைய கணினியில் பழைய இயங்குதளம்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர், தங்களிடம் அதைவிடவும் மூத்த கணினிகள் இருக்கின்றன என்றும், அவற்றில் விண்டோஸ் எக்ஸ்பியையோ விண்டோஸ் 7ஐயோ மீண்டும் நிறுவ முயன்று இடர்ப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். கடிதங்கள் அனைத்தும் ஒரே விடயத்தைச் சுற்றியே வந்திருப்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பாடசாலைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று சொல்வதையே நான் இங்கே இயங்குதளம் என்று எழுதுகிறேன்.

கேள்வி: எங்களுடையது சிறிய அச்சகம். 2003ஆம் ஆண்டில் வாங்கிய பென்டியம் 4 கணினியில் எக்ஸ்பியும் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருளும் பாமினி எழுத்துருவும் இருக்கின்றன. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா மலர், அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டு நூல் என்று இருபது வருட வேலைகள் அதற்குள்தான் உள்ளன. இப்போது வன்தட்டில் சத்தம் கேட்கிறது. அதே காலத்து இன்னொரு கணினி, அதன் தயாரிப்பாளர் கொடுத்த எக்ஸ்பி இறுவட்டோடு வீட்டில் இருக்கிறது. அதில் எக்ஸ்பியை நிறுவலாமா, அல்லது திருத்துபவர் சொல்வதுபோல எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நிறுவலாம். உங்கள் நிலையில் அது நியாயமான முடிவு என்றே சொல்வேன். காலம் கடந்த இயங்குதளத்தை ஒருவர் நிறுவ விரும்பினால், அந்தக் கணினி செய்ய வேண்டிய வேலை என்ன என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். உங்கள் வேலை திட்டவட்டமானது. பேஜ்மேக்கர் 7, 2001இல் வெளிவந்தது. அடோபி நிறுவனம் அதற்குப் பிறகு அந்த மென்பொருளின் புதிய முதன்மைப் பதிப்பு எதையும் வெளியிடவில்லை. அது பிறந்த காலத்து இயங்குதளத்தில்தான் அது முழு நிதானத்தோடு இயங்கும். ஆகவே அந்த ஒரு வேலைக்காக மட்டும் ஓர் எக்ஸ்பி கணினியை வைத்திருப்பதில் தவறில்லை.

ஆனால் நிறுவும் வேலையை இன்றைக்கே தொடங்க வேண்டாம். முதலில் சத்தம் கேட்கும் வன்தட்டைக் காப்பாற்றுங்கள். அந்தக் கணினியை மறுபடியும் மறுபடியும் இயக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டின் மேற்பரப்பில் எஞ்சியிருப்பதும் போகக்கூடும். வன்தட்டைக் கழற்றி, பழைய வன்தட்டுகளுக்குரிய ஐடிஈ இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் சிறிய இணைப்பியின் மூலம் நல்ல கணினி ஒன்றில் பொருத்தி, முழுத் தட்டையும் அப்படியே ஒரு பிம்பக் கோப்பாகப் பிரதி எடுக்கச் செய்யுங்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதற்கென்றே உருவானது. வாசிக்க முடிந்த பகுதிகளை அது முதலில் எடுத்துக்கொள்ளும். பழுதான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வந்து முயலும். சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் பிரதி செய்யும்போது, பழுதான முதல் இடத்திலேயே எல்லாம் நின்றுவிடும். தட்டு டக் டக் என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை எழுப்பினால், அதற்குமேல் நீங்களாக எதுவும் செய்யாமல், தரவு மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

இதை இத்தனை அழுத்திச் சொல்வதற்கு எனக்குக் காரணம் உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒருவருடைய வன்தட்டைப் பிரதி எடுக்காமல் அழித்துவிட்டு எக்ஸ்பியை நிறுவிக் கொடுத்தேன். காலஞ்சென்ற தகப்பனாரின் கடைசிப் படங்கள் அதில் இருந்தன என்று அவர் மறுநாள் வந்து சொன்னபோது, என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடியது எதுவும் இருக்கவில்லை. அன்றிலிருந்து, பிரதி ஒன்று கைக்கு வரும் வரை நான் எவருடைய தட்டிலும் எதையும் எழுதுவதில்லை.

பிரதி எடுக்கும்போது பேஜ்மேக்கர் கோப்புகளோடு எழுத்துருக் கோப்புறையையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறிகளைக் கொண்ட யுனிகோட் முறையில் அமைந்த எழுத்துரு அன்று. அது ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி வைத்திருக்கிறது. நீங்கள் அம்மா என்று தட்டச்சுச் செய்தால், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான் பதிவாகின்றன. அவற்றை அம்மாவாகக் காட்டுவது எழுத்துருவே. எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனால், இருபது வருடக் கல்வெட்டுகளும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். பாமினியிலும் சிறு வேறுபாடுகள் கொண்ட பதிப்புகள் உலவுவதால், வேறிடத்திலிருந்து ஒன்றைப் பெறலாம் என்று எண்ணாமல் உங்கள் கணினியில் இருப்பதையே காப்பாற்றுங்கள்.

இனி நிறுவும் வேலை. வீட்டில் இருக்கும் கணினியின் மூடியைத் திறந்து தாய்ப்பலகையைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் சிறு உருளைகளான மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். தலை உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ, நிறுவும்போது நடுவழியில் கணினி தானாக நின்றுவிடும். அதைப் பலர் இறுவட்டின் குறை என்று தவறாக எண்ணுகிறார்கள். அந்தக் காலத்துப் பலகைகள் பலவற்றில் தரமற்ற மின்தேக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன என்பது உலகம் அறிந்த குறைபாடு. கொழும்பின் ஈரக்காற்றில் நெடுநாள் சும்மா கிடந்த கணினியானால், நினைவகத் தகடுகளைக் கழற்றி, அவற்றின் தொடுமுனைகளை மென்மையான அழிறப்பரால் துடைத்து மீண்டும் பொருத்துங்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடலோரமாக இருக்கும் வீடுகளிலிருந்து வரும் கணினிகளில், பழுது என்று வந்தவை பல இந்தத் துடைப்போடு எழுந்து நின்றதைக் கண்டிருக்கிறேன்.

கணினியோடு தயாரிப்பாளர் கொடுத்த இறுவட்டு உங்களிடம் இருப்பது பெரிய வசதி. அவ்வகை இறுவட்டுகள் பெரும்பாலும் தாய்ப்பலகையின் பயோஸில் (கணினியை இயக்கியவுடன் முதலில் ஓடும் நிரலில்) உள்ள அடையாளத்தைப் பார்த்தே உரிமத்தை ஏற்றுக்கொள்ளும்; கடையில் தனியாக விற்ற எக்ஸ்பியைப்போல 30 நாட்களுக்குள் செயலாக்கம் செய்யும்படி கேட்பதில்லை. இறுவட்டு எந்தச் சேவைப் பொதியை, அதாவது எந்தத் திருத்தத் தொகுப்பைக் கொண்டது என்பதையும் பாருங்கள். 2001இல் வந்த முதல் எக்ஸ்பி, வன்தட்டில் சுமார் 137 ஜிகாபைட்டுக்கு மேல் இருப்பதை அறியாது. 2002இல் வந்த முதலாவது சேவைப் பொதியோடுதான் அந்த எல்லை நீங்கியது. 2008இல் வந்த மூன்றாவது சேவைப் பொதியைப் பென் ட்ரைவில் ஆயத்தமாக வைத்திருந்து, நிறுவி முடித்தவுடனேயே இடுங்கள் (முதல் எக்ஸ்பியின் இறுவட்டானால் அதற்கு முன் முதலாவது பொதியை இட வேண்டும்). அதன் பின்னர் முதலில் தாய்ப்பலகைக்குரிய ட்ரைவர் (வன்பொருளை இயக்க உதவும் நிரல்), அடுத்துத் திரைக்குரியது, பிறகு மற்றவை என்ற ஒழுங்கில் செல்லுங்கள்.

வலையமைப்புக் கம்பியை மட்டும் செருக வேண்டாம். நிறுவும்போதும் வேண்டாம், நிறுவிய பின்னரும் வேண்டாம். முடித்த பக்கங்களை பிடிஎஃப் கோப்பாக்கிப் பென் ட்ரைவில் மற்றக் கணினிக்குக் கொண்டுபோங்கள். அதற்கென்று ஒரே ஒரு பென் ட்ரைவை ஒதுக்கி, வாடிக்கையாளர் கொண்டுவரும் எதையும் எக்ஸ்பியில் நேரடியாகச் செருகாதீர்கள். 2008இன் இறுதியில் பரவத் தொடங்கிய கொன்ஃபிக்கர் என்ற புழு, செருகியவுடன் தானாக இயங்கும் வசதியைப் பயன்படுத்திப் பென் ட்ரைவ்கள் வழியாகவும் கணினிக்குக் கணினி தாவியது. ஆகவே அந்தத் தானியங்கும் வசதியை எக்ஸ்பியில் முற்றாக நிறுத்தி வையுங்கள்.

இது உங்களுக்குச் சில வருட அவகாசத்தைத் தரும். அந்த அவகாசத்தில் இரண்டு வேலைகளைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய கோப்பு ஒவ்வொன்றையும் எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக மாற்றி இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒருவருடைய கல்வெட்டை அவருடைய பிள்ளைகள் மறுபடியும் கேட்டு வரும்போது, எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வடிவில் அது இருக்கும். திருத்தங்கள் தேவைப்படும் கோப்புகளுக்கு, இன்டிசைன் மென்பொருளின் சிஎஸ்6 வரையான பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பிந்திய பதிப்புகள் திறப்பதில்லை. மற்றது, புதிய வேலைகளை யுனிகோட் தமிழில் தொடங்குங்கள். புதிய கணினி வாங்கும் வசதி வரும்போது, அதற்குள் வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மென்பொருளின் உதவியோடு எக்ஸ்பியை ஒரு மெய்நிகர்க் கணினியாக வைத்துக்கொள்ளவும் முடியும். உரிய எக்ஸ்பி உரிமம் அதற்குத் தனியாக வேண்டும். ஆனால் அப்போது பேஜ்மேக்கர், பழைய இரும்புப் பெட்டியின் ஆயுளை நம்பியிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: 2009இல் வாங்கிய மடிக்கணினியில் எக்ஸ்பி நிறுவ முயல்கிறேன். கோப்புகள் எல்லாம் ஏறுகின்றன. விண்டோஸ் தொடங்குகிறது என்ற வரி வந்தவுடன் நீலத்திரை தோன்றி 7பி என்று முடியும் ஓர் எண்ணைக் காட்டுகிறது. மூன்று இறுவட்டுகளை மாற்றிப் பார்த்துவிட்டேன்.
வாசகர், தெஹிவளை

பதில்: இறுவட்டுகளில் குறை இல்லை. 7பி என்று முடியும் அந்த எண், தான் தொடங்க வேண்டிய வன்தட்டை எக்ஸ்பியால் காண முடியவில்லை என்பதைக் குறிக்கிறது. எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். வன்தட்டோடு பேசுவதற்கான ஏஎச்சிஐ என்ற முறை வகுக்கப்பட்டது 2004இல். உங்கள் மடிக்கணினியின் சாட்டா வன்தட்டு அந்தப் புதிய முறையில் பேசுகிறது. எக்ஸ்பியின் இறுவட்டுக்கு அந்த மொழி தெரியாது. கோப்புகளை ஏற்றும் வரை அது பயோஸின் உதவியோடு இறுவட்டிலிருந்து வாசிக்கிறது. பின்னர் தன் சொந்த ட்ரைவர்களை நம்பி எழுந்து நிற்க முயலும் கணத்தில் தட்டைத் தேடிக் காணாமல் விழுகிறது.

எளிய வழி இதுதான்: கணினியை இயக்கியவுடன் பயோஸுக்குள் சென்று, சாட்டா என்ற தலைப்பின் கீழ் ஏஎச்சிஐ என்று இருப்பதை ஐடிஈ என்றோ இணக்க முறை என்றோ மாற்றிச் சேமியுங்கள். எக்ஸ்பி தனக்குத் தெரிந்த பழைய மொழியில் தட்டோடு பேசத் தொடங்கும். வேகத்தில் சற்றுக் குறைவு இருக்கலாம். எக்ஸ்பி காலத்து வேலைகளுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அதே தட்டில் வேறு விண்டோஸ் ஏற்கனவே இருந்து, அது ஏஎச்சிஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால், இந்த மாற்றத்துக்குப் பிறகு அது இதே நீலத்திரையோடு நின்றுவிடலாம்.

சில மடிக்கணினிகளின் பயோஸில் அந்தத் தெரிவே இருக்காது. அப்படியானால், நிறுவல் தொடங்கும்போது எஃப்6 விசையை அழுத்தி ட்ரைவரைக் கொடுக்கும்படி எக்ஸ்பி கேட்கும். ஆனால் அதை நெகிழ்வட்டில்தான் கேட்கும். நெகிழ்வட்டுச் செலுத்தி இல்லாத மடிக்கணினியில் அது பயன்படாது. ஆகவே வேறொரு கணினியில் என்லைட் என்ற கருவியைக் கொண்டு, உங்கள் கணினிக்குரிய ஏஎச்சிஐ ட்ரைவரை இறுவட்டின் கோப்புகளோடு சேர்த்துப் புதிய இறுவட்டு ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும். ட்ரைவரை மடிக்கணினி தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து மட்டுமே பெறுங்கள்.

நிறுவிய பிறகு வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலைத் தட்டு (எஸ்எஸ்டி) பொருத்தும் எண்ணம் இருந்தால், ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்பி தட்டை 512 பைட்டுத் துண்டங்களாக எண்ணி, தன் முதல் பிரிவை 63ஆவது துண்டத்தில் தொடங்குகிறது. புதிய தட்டுகள் 4,096 பைட்டுகள் கொண்ட கட்டங்களாக எழுதுவதால், எக்ஸ்பி எழுதும் ஒவ்வொன்றும் இரண்டு கட்டங்களில் கால் வைத்து நிற்கும். வேகமும் குறையும், தட்டும் விரைவில் தேயும். நீக்கிய கோப்புகளின் இடத்தைத் தட்டுக்கு அறிவிக்கும் ட்ரிம் வசதியும் எக்ஸ்பியில் இல்லை. பிரிவை லினக்ஸ் இறுவட்டைக் கொண்டு முன்கூட்டியே சரியான இடத்தில் அமைத்துவிட்டு, அதற்குள் எக்ஸ்பியை நிறுவினால் முதல் குறை தீரும்.

இத்தனைக்கும் பிறகு, எதற்காக எக்ஸ்பி என்பதை நீங்கள் எழுதவில்லை. 2009இல் வாங்கிய மடிக்கணினி அநேகமாக இன்றைய இயங்குதளங்களுக்கு ஏற்ற 64 பிட் செயலியைக் கொண்டிருக்கும். கணினியை இலகுவாக்குவதற்காக மட்டும் எக்ஸ்பியைத் தேடுகிறீர்கள் என்றால், வத்தளை வாசகிக்குக் கீழே எழுதியிருக்கும் விடையைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு காலையும் கணினியில் திகதி 2002 ஜனவரி 1 என்று காட்டுகிறது. இணையப் பக்கங்களும் பாதுகாப்பற்றவை என்று சொல்லித் திறக்க மறுக்கின்றன. இயங்குதளத்தை மீண்டும் நிறுவ வேண்டுமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டியதில்லை. தாய்ப்பலகையில் நாணயம்போல் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மின்சாரக் கம்பியைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். இணையப் பக்கங்களின் சான்றிதழ்கள் இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை செல்லுபடியாகும் என்று எழுதப்பட்டவை. கணினி 2002இல் நிற்பதால் அவை இன்னும் பிறக்கவே இல்லை என்று எண்ணிக்கொள்கிறது. மின்கலம் தீரும்போது பயோஸில் செய்த மாற்றங்களும் அழிந்து ஆரம்ப நிலைக்குத் திரும்பும் என்பதால், மேலே தெஹிவளை வாசகருக்குச் சொன்ன ஐடிஈ மாற்றத்தைச் செய்தவர்களுக்கு ஒருநாள் காலையில் அதே நீலத்திரை மீண்டும் வரலாம். அப்போதும் எதையும் நிறுவ ஓடாமல் மின்கலத்தை முதலில் பாருங்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறோம். சரக்கிருப்பும் கடன் கணக்கும் எக்ஸ்பி கணினியில், அதில் மட்டுமே இயங்கும் பழைய மென்பொருளில் இருக்கின்றன. சிட்டை அடிப்பது பழைய புள்ளி அச்சுப்பொறியில். எல்லாம் நன்றாகவே நடக்கிறது. இதே கணினியில் இணையத்தையும் இணைத்து வங்கிக் கணக்கைப் பார்க்கலாமா? பழைய குரோம் உலாவி ஒன்றை மகன் நிறுவித் தந்திருக்கிறார்.
வாசகர், கொழும்பு 11

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதும் எல்லாவற்றிலும் இதையே மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் முடிந்தது. அதற்குப் பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள், மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, அடைக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. எக்ஸ்பிக்கு வந்த கடைசி இன்டர்நெட் எக்ஸ்புளோரரான 8ஆவது பதிப்பு, தகவலை மறைகுறியாக்குவதில் டிஎல்எஸ் 1.0 என்ற பழைய நிலையைத் தாண்டாது என்பதால், அதில் பெரும்பாலான வங்கிப் பக்கங்கள் திறக்கமாட்டா. உங்கள் மகன் நிறுவியிருப்பது 49ஆவது குரோமாக இருக்க வேண்டும்; எக்ஸ்பிக்கு வந்த கடைசிக் குரோம் அதுதான், 2016ஆம் ஆண்டுக்குரியது. அதில் சில பக்கங்கள் திறக்கக்கூடும். அவ்வாறு திறப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் பக்கம் திறந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மனம் நம்பிவிடும். உலாவி புதிதாக இருந்தாலும்கூட, அதற்கு அடியில் இருக்கும் தளம் திறந்த வீடாகவே கிடக்கிறது. நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைக் கவனித்து அனுப்பும் நிரல் அங்கே இருந்தால், வங்கி எத்தனை பூட்டுப் போட்டிருந்தும் பயனில்லை.

எவரும் எதையும் அழுத்தாமலே கணினிகள் தாக்கப்படலாம் என்பதை 2017 மே 12ஆம் திகதி தொடங்கிய வன்னாக்ரை என்ற புழு காட்டியது. கோப்புகளைப் பகிரும் பழைய விண்டோஸ் முறையில் இருந்த ஓட்டை வழியாக அது வலையமைப்புக்குள் கணினிக்குக் கணினி தானாகப் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகளிலும் நோயாளிகளுக்குரிய ஏற்பாடுகள் குலைந்தன. எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்து மூன்று வருடங்கள் கழிந்திருந்தும், நிலைமையின் பாரதூரத்தைக் கண்டு மைக்ரோசொஃப்ட் மறுநாளே எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கும் என்று ஒரு வியாபாரி தன் கடன் கணக்கை வைத்து நம்பியிருக்க முடியாது. உங்கள் கணக்கில் மற்றவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கடன் தொகையும் இருக்கின்றன. அவற்றைக் காப்பது, வைத்திருப்பவரின் பொறுப்பு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் அந்தப் பொறுப்பைச் சட்டமாக்கியிருக்கிறது.

எக்ஸ்பியைச் சிட்டைக்கும் கணக்குக்கும் மட்டும் வையுங்கள். புள்ளி அச்சுப்பொறியின் அகன்ற இணைப்புக் கம்பிக்கு ஏற்ற துளை புதிய கணினிகளில் இல்லாததால் அதைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. கடையின் மற்றக் கணினிகளோடும் அதை வலையமைப்பால் இணைக்காதீர்கள். ஒன்று இணையத்தில் இருந்தால் அதன் வழியாக மற்றதும் இணையத்தில் இருப்பதுபோலத்தான். வங்கி வேலைக்குத் திருத்தங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் உங்கள் கைத்தொலைபேசியே போதும். ஒவ்வொரு நாளும் கடை பூட்டும் முன் கணக்குக் கோப்புறையை ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒற்றை நாளுக்கு ஒன்று, இரட்டை நாளுக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. கணக்கு மென்பொருளை எழுதியவரோ அவரது நிறுவனமோ இன்னும் தொழிலில் இருந்தால், தரவை அட்டவணைக் கோப்பாக வெளியே எடுக்கும் வழியை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: படம் பிடிக்கும் நிலையம் நடத்துகிறேன். பழைய படச்சுருள் வருடிக்கு விண்டோஸ் 7 வரைதான் ட்ரைவர் இருக்கிறது. சற்றுப் புதிய கணினியில் 7ஐ நிறுவப் போனால் முதல் திரையிலேயே விசைப்பலகையும் சுட்டியும் உயிரிழந்துவிடுகின்றன.
வாசகர், மருதானை

பதில்: விண்டோஸ் 7 வந்த 2009இல் அதன் இறுவட்டுக்கு யூஎஸ்பி 3.0 தெரியாது. இன்டெலின் ஆறாம் தலைமுறைக்குரிய தாய்ப்பலகைகளிலிருந்து எல்லா யூஎஸ்பி துளைகளும் அந்தப் புதிய முறையிலேயே இயங்குவதால், நிறுவல் திரை வந்தவுடன் விசைப்பலகை துண்டிக்கப்படுகிறது. பலகையில் வட்டமான பிஎஸ்/2 துளை இருந்தால் பழைய விசைப்பலகையை அதில் செருகி நிறுவி, பின்னர் யூஎஸ்பி ட்ரைவரை இடலாம். நிறுவியபின் கேபி 4490628, கேபி 4474419 என்ற இரண்டு திருத்தங்களையும் முதலில் ஏற்றுங்கள். 2019இன் நடுப்பகுதிக்குப் பின் வந்த விண்டோஸ் 7 திருத்தங்கள் இவை இல்லாமல் ஏறமாட்டா.

ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது வருடிதான், விண்டோஸ் 7 அன்று. வியூஸ்கான் என்ற கட்டண மென்பொருளும், லினக்ஸில் சேன் என்ற இலவச ட்ரைவர் தொகுப்பும், தயாரிப்பாளர் கைவிட்ட வருடிகள் பலவற்றை இன்றைய இயங்குதளங்களிலேயே இயக்குகின்றன. உங்கள் வருடியின் இலக்கம் அவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

கேள்வி: சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கும் மகளுக்கு, உறவினர் ஒருவர் தம்முடைய பழைய கோர் 2 டுவோ கணினியைத் தந்தார். 2 ஜிகாபைட் நினைவகம் இருக்கிறது. கடையில் கேட்டபோது, விண்டோஸ் 7ஐ நிறுவி, உரிமம் கேட்காமல் இருக்க ஒரு கருவியும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். புதிது வாங்க இப்போது எங்களால் முடியாது. இதைச் செய்யலாமா?
வாசகி, வத்தளை

பதில்: வேண்டாம். உரிமத்தை ஏமாற்றும் அந்தக் கருவியை இயக்குவதற்கு, வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்தும்படி முதலில் சொல்வார்கள். கணினியின் எல்லா அதிகாரத்தையும் அதற்குக் கொடுப்பார்கள். யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாத ஒரு நிரலுக்கு உங்கள் மகளின் கணினியை ஒப்படைப்பதுதான் அது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி மென்பொருளும் பதிப்புரிமைக்கு உட்பட்டது என்பது, அவர் படிக்கும் பாடத்துக்கும் உரிய விடயம். உரிமத்தோடு கிடைத்தாலும் விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் திகதியே முடிந்துவிட்டது. குரோம் உலாவி அதற்கு 109ஆவது பதிப்போடு நின்றுவிட்டது. படிக்கும் பிள்ளை இணையத்தில்தான் பெரும்பகுதி நேரம் இருப்பார். கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குப் பொருந்திய காரணம் இங்கே பொருந்தாது.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் கணினி மோசமானதன்று. கோர் 2 டுவோ 64 பிட் செயலி ஆகையால், திருத்தங்கள் இன்றும் தவறாமல் வரும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான பதிப்பு அதில் இயங்கும். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. 2 ஜிகாபைட் நினைவகம் அதற்குக் குறைந்தபட்ச அளவு. 4 ஆக்கினால் வித்தியாசத்தைக் கண்ணாலேயே காண்பீர்கள். அந்தக் காலத்து டிடிஆர்2 நினைவகத் தகடுகள் பாவித்தவையாகப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கத்துக் கடைகளில் விசாரித்துப் பார்க்கத் தக்கவை. வாங்குமுன் கணினியையும் கொண்டுபோய் அங்கேயே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நினைவகத்தை முதலில் கூட்டுங்கள்; சிறிய திண்மநிலைத் தட்டு அடுத்த மாதம் வரலாம்.

சொற்செயலி, விரிதாள், முன்வைப்பு, தரவுத்தளம் ஆகியவற்றுக்கு லிப்ரே ஓபிஸ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பு இருக்கிறது. பட்டியல்களின் பெயரும் இடமும் சற்று மாறினாலும், விரிதாளில் கூட்டுத்தொகைச் சூத்திரமும் கலமுகவரியும் ஒன்றே. பாடசாலை ஆய்வுகூடத்தில் வேறு மென்பொருள் இருந்தால் இரண்டையும் அறிந்த பிள்ளையாக அவர் பரீட்சைக்குப் போவார். பைதன் நிரலாக்க மொழி மின்டோடு சேர்ந்தே வருகிறது.

இதே கேள்வியைப் பென்டியம் 4 வைத்திருக்கும் வேறு இருவரும் கேட்டிருந்தார்கள். அக்கணினிகளில் பல 32 பிட் மட்டுமே என்பதால் மின்டின் முதன்மைப் பதிப்பு அவற்றில் ஏறாது. டெபியன் என்ற லினக்ஸின் 2025இல் வந்த 13ஆவது பதிப்பும் 32 பிட் கணினிகளுக்கான நிறுவலைக் கைவிட்டுவிட்டது. 2023இல் வந்த 12ஆவது பதிப்பும் ஆன்டிஎக்ஸ் என்ற சிறிய லினக்ஸும் அவர்களுக்கு இன்னும் உதவும். ஆனால் காணொளிப் பாடங்களை அக்கணினிகளிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மகளின் கணினியில் நிறுவும் முன், மின்டைப் பென் ட்ரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் எதுவும் எழுதப்படாது. ஒலி வருகிறதா, வலையமைப்பு இணைகிறதா, திரையின் அளவு சரியாக இருக்கிறதா என்று அப்போதே அவரைக் கொண்டே சோதிக்கச் செய்யுங்கள். வன்தட்டில் உறவினரின் படங்களோ கடிதங்களோ இருந்தால் அவரிடம் கேட்டு அவற்றைத் திருப்பிக் கொடுத்த பிறகே நிறுவலைத் தொடங்குங்கள். நிறுவியவுடன் விசைப்பலகை அமைப்புகளுக்குள் சென்றால், இலங்கை என்ற நாட்டின் கீழ் தமிழ்நெட் 99 அமைப்பு இருக்கும். அதைச் சேர்த்துவிட்டால் வேறு எதையும் தேடாமல் முதல் நாளிலேயே யுனிகோட் தமிழில் எழுதத் தொடங்கலாம்.